முன்னால் நிற்கும் சின்ன ‘எ’



இந்த மாதச் சுவரிதழுக்கு என் பங்காக ஒரு இங்கிலீஷ் பாடம் எழுதியிருக்கிறேன். “ஐயோ, இங்கிலீஷா!” என்று பக்கத்துத் தாளில் இருக்கிற விடுகதைக்குத் தாவிடாதீங்க. விடுகதை எங்கேயும் ஓடிப் போகாது. இதைப் படிச்சிட்டு அங்கே போங்க.

இங்கிலீஷில் அளவைச் சொல்ல சின்னச் சின்ன வார்த்தைகள் இருக்கு. மெனி, மச், ஃபியூ, லிட்டில், சம், எனி, ஈச், எவ்ரி, லெஸ். பார்க்க அக்கா தங்கச்சி மாதிரி ஒரே சாயலில் இருக்கும். ஆனா ஒவ்வொண்ணுக்கும் குணம் வேற. நம்மில் பல பேர் இதையெல்லாம் கைடைப் பார்த்து மனப்பாடம் பண்ணுவோம். கோடிட்ட இடத்தை நிரப்ப அது போதும். ஆனால் ஒரு பத்தியையோ, ஒரு நோட்டீசையோ, ஒரு கடிதத்தையோ படிக்கும்போது மனப்பாடம் கைகொடுக்காது.

நான் சொல்லப் போவது ஒரே விஷயம்தான். இந்த வித்தியாசங்களில் பெரும்பாலானவை நம்ம தமிழிலேயே இருக்கு. நாம தினமும் வாயால் பேசுறோம். இங்கிலீஷ்காரர்கள் அதை வேற இடத்தில் வச்சிருக்காங்க, அவ்வளவுதான். அந்த இடம் எதுன்னு தெரிஞ்சா போதும்.

(குறிப்பு: ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளும் படிக்கணும் என்பதற்காக இங்கிலீஷ் வார்த்தைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படிங்க.)

1. எத்தனையா? எவ்வளவா?

சந்தையில் தேங்காய்க்காரர் என்ன கேட்பார்? “எத்தனை வேணும்?” எண்ணெய்க் கடைக்காரர் என்ன கேட்பார்? “எவ்வளவு வேணும்?” மூணு வயசுக் குழந்தைகூட “எத்தனை எண்ணெய்?” என்று கேட்காது. அதுக்கு யாரும் இலக்கணம் சொல்லிக் கொடுக்கல. தானா வந்தது.

இங்கிலீஷிலும் இதேதான்.

எத்தனை = ஹவ் மெனி
எவ்வளவு = ஹவ் மச்

எண்ணக்கூடியதுக்கு மெனி. அளக்கக்கூடியதுக்கு மச். மெனி கோகனட்ஸ், மச் ஆயில். மெனி பாட்ஸ், மச் வாட்டர். குடத்தை எண்ணலாம், தண்ணீரை எண்ண முடியாது.

அரிசியைத்தான் எண்ணலாமே என்று எட்டாம் வகுப்பில் ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. ஒரு படி அரிசியை முற்றத்தில் கொட்டி உட்கார்ந்தா எண்ணலாம். ஆனா யாரும் எண்ண மாட்டாங்க. படியால் அளப்பாங்க. எட்டுப் படி ஒரு மரக்கால் என்று நம்ம தாத்தாக்கள் அளந்ததும் அப்படித்தான். அதனால் அரிசிக்கு மச் ரைஸ். மூட்டைக்கு மட்டும் மெனி பேக்ஸ் ஆஃப் ரைஸ்.

‘டைம்’ என்ற வார்த்தையைப் பாருங்க. எவ்வளவு நேரம் என்றால் ஹவ் மச் டைம். எத்தனை தடவை என்றால் ஹவ் மெனி டைம்ஸ். ஒரே வார்த்தைதான், ஆனா தமிழில் யோசிச்சா குழப்பமே வராது.

இரண்டு இடத்தில் மட்டும் உஷாரா இருக்கணும்.

ஒன்று: நாம பேச்சில் “எவ்வளவு பேர் வந்தாங்க?”, “எவ்வளவு ரூபாய்?” என்றும் சொல்வோம். எத்தனை, எவ்வளவு ரெண்டுமே பொருந்தினா எத்தனைக்கே முதல் மரியாதை. ஹவ் மெனி பீப்பிள், ஹவ் மெனி ருபீஸ். ஆனால் பொதுவாகப் பணம் என்று சொன்னால் ஹவ் மச் மனி.

இரண்டு: தமிழில் எண்ணுவோம், இங்கிலீஷில் எண்ண மாட்டாங்க என்று சில வார்த்தைகள் இருக்கு. இன்ஃபர்மேஷன் (தகவல்), அட்வைஸ் (அறிவுரை), நியூஸ் (செய்தி), ஹோம்வொர்க் (வீட்டுப்பாடம்), ஃபர்னிச்சர் (மேசை நாற்காலி), லக்கேஜ் (பெட்டி படுக்கை). நாம “நாலு அறிவுரை சொன்னார்” என்போம். இங்கிலீஷில் ‘ஃபோர் அட்வைசஸ்’ கிடையாது. ஃபோர் பீசஸ் ஆஃப் அட்வைஸ் என்று துண்டு போட்டுத்தான் எண்ணணும். ‘மெனி ஹோம்வொர்க்ஸ்’ என்பதும் கிடையாது. இந்த ஆறு வார்த்தையை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க. மற்றதுக்குப் பெரும்பாலும் எத்தனை, எவ்வளவு போதும்.

இன்னொரு சின்ன விஷயம். ‘மச்’ பெரும்பாலும் கேள்வியிலும், இல்லை என்று சொல்லும் வாக்கியத்திலும்தான் வரும். “எனக்கு நிறைய வேலை இருக்கு” என்று சாதாரணமாகச் சொல்ல ஐ ஹேவ் எ லாட் ஆஃப் ஒர்க் என்பதுதான் இயல்பு. எ லாட் ஆஃப் எத்தனைக்கும் ஒட்டும், எவ்வளவுக்கும் ஒட்டும். நம்ம ‘நிறைய’ மாதிரி. நிறைய மாடு, நிறைய பால்.

2. மூணு மாங்காய்

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். ஃபியூ, எ ஃபியூ.

ஒரு மாமரம். அதில் மூணே மூணு மாங்காய். கீழே ரெண்டு பேர் நிக்கிறாங்க. முதல் ஆள் சொல்றார்: “பரவாயில்ல, சில காய் இருக்கு.” இரண்டாவது ஆள் சொல்றார்: “ச்சே, சில காய்தான் இருக்கு.”

மரம் ஒண்ணு, காயும் மூணு. ஆனால் முதல் ஆள் இருக்கிறதைப் பார்க்கிறார். இரண்டாவது ஆள் இல்லாததைப் பார்க்கிறார். அந்த ‘தான்’ என்ற சின்னச் சொல்தான் மொத்த மனசையும் மாத்திடுச்சு.

முதல் ஆள் சொன்னது: எ ஃபியூ மேங்கோஸ்.
இரண்டாவது ஆள் சொன்னது: ஃபியூ மேங்கோஸ்.

எ ஃபியூ என்றால் ‘சில இருக்கு’. ஃபியூ என்றால் ‘அதிகம் இல்லை’. எ ஃபியூ என்றால் இத்தனை, ஃபியூ என்றால் இத்தனை என்று எந்தக் கணக்கும் இல்லை. ரெண்டும் மூணாகவே இருக்கலாம். சொல்கிறவர் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறார் என்பதைத்தான் அந்த ‘எ’ காட்டுது.

இதையே எழுத்துத் தமிழில் எப்படிச் சொல்வோம்? ‘சிலர் வந்தனர்’, ‘சிலரே வந்தனர்’. பேச்சில் ‘தான்’ போட்ட இடத்தில் எழுத்தில் ‘ஏ’ போடுறோம். இப்போ ஒரு வேடிக்கையைப் பாருங்க.

சிலர் = எ ஃபியூ
சிலரே = ஃபியூ

தமிழில் ‘ஏ’ வந்தால் குறையும். இங்கிலீஷில் ‘எ’ போனால் குறையும்!

இதைக் கரும்பலகையில் டீச்சர் எழுதச் சொன்னப்போ வகுப்பே சிரிச்சது. ஆனா அதுக்குப் பிறகு யாருக்கும் மறக்கல. நீங்களும் ஒருதரம் சொல்லிப் பாருங்க: ஏ வந்தா குறையும், எ போனா குறையும்.

3. குடத்தில் கொஞ்சம்

எண்ணக்கூடியதுக்கு ஃபியூ என்றால், அளக்கக்கூடியதுக்கு லிட்டில். குணம் அதேதான்.

கொஞ்சம் = எ லிட்டில்
கொஞ்சமே, கொஞ்சம்தான் = லிட்டில்

குடிதண்ணீர் வராத நாளில் அம்மா குடத்தைச் சாய்த்துப் பார்க்கிறாங்க. “கொஞ்சம் இருக்கு, ரசம் வச்சிடலாம்” என்றால் தேர் இஸ் எ லிட்டில் வாட்டர். “கொஞ்சம்தான் இருக்கு, நீ போய் அடிபம்பில் ஒரு குடம் எடுத்துட்டு வா” என்றால் தேர் இஸ் லிட்டில் வாட்டர். ‘எ’ இருந்தால் அடுப்பு எரியும். ‘எ’ இல்லாவிட்டால் நாம நடக்கணும்.

‘லிட்டில்’ என்பதுக்குச் சின்ன என்றும் ஒரு பொருள் இருக்கு. எ லிட்டில் கேர்ள் என்றால் ஒரு சின்னப் பொண்ணு. கொஞ்சம் பொண்ணு இல்லை! பின்னால் எண்ணக்கூடிய ஒரு பொருள் வந்தால் ‘சின்ன’, அளக்கக்கூடியது வந்தால் ‘கொஞ்சம்’.

4. அக்காவுக்கு வந்த கடிதம்

“ஒரு ‘எ’வில் என்ன வந்துடப் போகுது?” என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்க தெருவில் ஒரு அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடிச்சிட்டு நர்சிங் படிக்க விண்ணப்பம் போட்டிருந்தாங்க. ஒரு கல்லூரியில் இருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. கல்லூரியின் பேர் இங்கே வேண்டாம். கடிதத்தில் கடைசி வரி இது: ‘ஃபியூ சீட்ஸ் ஆர் லெஃப்ட்.’

தெருவில் படிச்சவங்க ஒருத்தர் வாங்கிப் பார்த்துட்டு, “சில சீட் இருக்காம், போய்ச் சேர்ந்துக்கலாம்” என்று சொன்னாங்க. எல்லோருக்கும் சந்தோஷம். ஃபீஸ் கட்டக் கையில் பணம் இல்லை. வியாழக்கிழமை சந்தையில் ரெண்டு ஆட்டை வித்துட்டுப் போகலாம் என்று அக்காவோட அப்பா சொன்னார். இடம்தான் இருக்கே, நாலு நாளில் என்ன ஆகிடும்?

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறிப் போனாங்க. சீட் முடிஞ்சு போச்சு. “அதான் கடிதத்திலேயே எழுதியிருந்தோமே” என்று அங்கே சொன்னாங்களாம். உண்மைதான், எழுதியிருந்தாங்க. ‘சில சீட் இருக்கு, மெதுவா வாங்க’ என்று எழுதல. ‘சிலதான் மிச்சம், சீக்கிரம் வாங்க’ என்று எழுதியிருந்தாங்க. அது தெரிஞ்சிருந்தா யார்கிட்டயாவது கைமாத்து வாங்கிட்டு மறுநாள் காலையிலேயே போயிருப்பாங்க.

அக்காவுக்கு ஒரு வருஷம் போச்சு. அந்த வருஷம் முழுக்க களையெடுக்கவும் பூப்பறிக்கவும் போனாங்க. அடுத்த வருஷம் வேற கல்லூரியில் இடம் கிடைச்சது. இப்போ இரண்டாம் ஆண்டு படிக்கிறாங்க. அந்தக் கடிதத்தை இன்னும் டிரங்குப் பெட்டியில் வச்சிருக்காங்க. ‘எ’வோட வித்தியாசத்தை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததே அவங்கதான், அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டித்தான். நம்ம தெருவில் இனிமே ஒரு கடிதம் வந்தா அதைப் படிக்கப் போறது நாமதான். அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதத் தோணிச்சு.

இன்னொன்றையும் அக்கா சொன்னாங்க. நம்ம ஊர்ப் பக்கம் நோட்டீஸ் அடிக்கிறவங்க சில சமயம் ‘எ’ போடவேண்டிய இடத்திலும் போடாமல் விட்டுடுவாங்க. அதனால் ஃபியூ என்று பார்த்தால், குறைவாத்தான் இருக்கு என்று எடுத்துக்கிட்டு உடனே கிளம்பிடணும், இல்லாட்டி போன் பண்ணிக் கேட்டுடணும். சீக்கிரம் போனால் நஷ்டம் ஒண்ணும் இல்லை.

5. ‘எ’வுக்கு முன்னால் யார்?

‘எ ஃபியூ’வுக்கு முன்னாலும் ஒரு ஆள் வந்து நிற்பது உண்டு. அப்போ பொருள் மறுபடி மாறும்.

ஒன்லி எ ஃபியூ = சிலர் மட்டுமே. ‘எ’ இருந்தாலும் ‘ஒன்லி’ வந்ததால் மறுபடி குறைவுப் பக்கம் போயிடுச்சு.

குவைட் எ ஃபியூ = கணிசமான பேர். இதுதான் ஆச்சரியம். ஃபியூ என்று பார்த்ததும் ‘கொஞ்சம்’ என்று எழுதிடக் கூடாது. குவைட் எ ஃபியூ பீப்பிள் கேம் என்றால் “நல்ல கூட்டம்தான் வந்துச்சு”. நாமகூட “ஆட்டத்துக்குக் கொஞ்ச நஞ்சக் கூட்டமா வந்துச்சு!” என்று சொல்றோமே, கூட்டம் நிறைய என்றுதானே அர்த்தம்? அந்த மாதிரி.

ஆக, அளவுச் சொல்லைப் பார்த்தவுடன் பொருள் எழுதாதீங்க. முன்னால் யார் நிற்கிறார் என்று ஒருதரம் பாருங்க.

6. சம், எனி

புத்தகத்தில் இருக்கும் விதி: உண்டு என்று சொன்னால் சம். இல்லை என்று சொன்னாலும், கேள்வி கேட்டாலும் எனி. சரிதான். ஆனால் அது பாதிதான்.

வீட்டுக்கு வந்தவங்களிடம் “மோர் குடிக்கிறீங்களா?” என்று கேட்பது எப்படி? வுட் யூ லைக் சம் பட்டர்மில்க்? கேள்வியாச்சே, எனி வர வேண்டாமா? வேண்டாம். ஏன்னா இது கேள்வி மாதிரி இருக்கும் உபசாரம். “ஆமாம்” என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கிறோம். ஆமாம் என்ற பதிலை எதிர்பார்த்தால் கேள்வியிலும் சம் வரும். பதில் எதுவாகவும் இருக்கலாம் என்றால் எனி. அதனால்தான் டீச்சர் பாடம் முடிச்சதும் எனி டவுட்ஸ்? என்று கேட்கிறாங்க. சந்தேகம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

எனிக்குத் தமிழில் மூணு முகம் இருக்கு.

கேள்வியில் ‘ஏதாவது’: ஏதாவது சந்தேகம் இருக்கா?
இல்லை என்னும்போது ‘எதுவும்’: எந்தச் சந்தேகமும் இல்லை, எதுவும் இல்லை.
உண்டு என்னும்போது ‘எது வேண்டுமானாலும்’: டேக் எனி புக். எந்தப் புத்தகத்தை வேணாலும் எடுத்துக்கோ.

இங்கிலீஷில் ஒரே வார்த்தை, தமிழில் மூணு. இந்த இடத்தில் நம்ம மொழிதான் நுணுக்கமா பிரிச்சிருக்கு. நூலகப் பெட்டியைத் திறந்து டீச்சர் டேக் எனி புக் என்றால் ஒண்ணு எடுக்கலாம், உனக்குப் பிடிச்சது எதுவானாலும். டேக் சம் புக்ஸ் என்றால் சில புத்தகம் எடுக்கலாம்.

7. ஈச், எவ்ரி

ரெண்டுக்கும் தமிழில் ‘ஒவ்வொரு’ என்றுதான் எழுதுவோம். ஆனால் பேச்சில் ஒரு வித்தியாசம் வச்சிருக்கோம்.

சத்துணவில் முட்டை போடும்போது “ஆளுக்கு ஒண்ணு” என்பாங்க. ஒவ்வொரு தட்டையும் தனித்தனியா பார்க்கிறாங்க. அது ஈச். பிரேயருக்கு முன்னால் “ஒருத்தர் விடாம எல்லாரும் வரணும்” என்பாங்க. மொத்தத்தையும் சேர்த்துப் பார்க்கிறாங்க. அது எவ்ரி.

நினைவில் வைக்க நாலு விஷயம்:

(அ) ரெண்டே ரெண்டு இருந்தால் ஈச் மட்டும்தான். ஈச் ஹேண்ட், ஈச் ஐ. நமக்குக் கை ரெண்டுதானே! எவ்ரி போட மூணாவது இருக்கணும்.

(ஆ) ஈச் தனியா நிற்கும். விலை சொல்லும்போது டென் ருபீஸ் ஈச் என்று கடைசியில் போடலாம். ஒண்ணு பத்து ரூபாய். எவ்ரி தனியா நிற்காது. பின்னால் ஒரு பெயர்ச்சொல் துணைக்கு வேணும்.

(இ) ‘ரெண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும்’ என்பதுக்கு எவ்ரி டூ டேஸ். இங்கே ஈச் வராது. ‘கிட்டத்தட்ட எல்லாரும்’ என்பதுக்கும் ஆல்மோஸ்ட் எவ்ரி ஸ்டூடன்ட். ஆல்மோஸ்ட் ஈச் கிடையாது.

(ஈ) எத்தனை பேர் இருந்தாலும் வினை ஒருமைதான். ஈச் ஸ்டூடன்ட் ஹேஸ், எவ்ரி ஸ்டூடன்ட் ஹேஸ். ‘ஹேவ்’ போடக் கூடாது.

8. ஃபியூவர், லெஸ்

‘முன்னைவிடக் குறைவு’ என்று சொல்ல ரெண்டு வார்த்தை. எத்தனை வகைக்கு ஃபியூவர், எவ்வளவு வகைக்கு லெஸ். ஃபியூவர் பசங்க, லெஸ் சத்தம்! (பசங்க வராத நாளில் வகுப்பு அப்படித்தான் இருக்கு. தோழர்கள் கோபிக்க வேண்டாம்.)

இந்த விதிக்கு ஒரு கதை உண்டு. 1770ஆம் ஆண்டில் ராபர்ட் பேக்கர் என்பவர் இங்கிலீஷ் மொழி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எண்ணக்கூடியதுக்கு லெஸ்ஸைவிட ஃபியூவர் நல்லா இருக்குமே என்று தன் விருப்பமாகத்தான் அதில் சொன்னார். பின்னால் வந்தவங்க அதை விதியாக ஆக்கிட்டாங்க. அதுக்கு ரொம்ப முன்னால், 9ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னரின் எழுத்திலேயே எண்ணக்கூடியதுக்கு லெஸ் வந்திருக்கு. இலக்கணம் வானத்தில் இருந்து விழலை, மனுஷங்கதான் பேசிப் பேசி உண்டாக்கினாங்க என்று இதைப் படிச்சப்போ எனக்குத் தோணிச்சு. அப்போ இங்கிலீஷ் இலக்கணத்தைப் பார்த்து நாம ஏன் பயப்படணும்?

இங்கிலாந்தில் டெஸ்கோ என்று ஒரு பெரிய கடை. குறைவான பொருள் வாங்குகிறவங்க நிற்கும் வரிசையில் ‘டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்று பலகை இருந்தது. ஃபியூவர் என்றுதானே வரணும் என்று பல காலம் பேச்சு. கடைசியில் 2008ஆம் ஆண்டில் ரெண்டு வார்த்தையும் வேண்டாம் என்று ‘அப் டு டென் ஐட்டம்ஸ்’, அதாவது பத்துப் பொருள் வரை என்று மாத்த முடிவு பண்ணாங்க. இங்கிலீஷ்காரர்களுக்கே சந்தேகம் வருது பாருங்க.

ஆனால் தேர்வில் நாம விதிப்படியே எழுதுவோம். ஒரு விலக்கு மட்டும் உண்டு. தூரம், பணம், நேரம் மூணுக்கும் எண் இருந்தாலும் லெஸ்தான். லெஸ் தேன் ஃபைவ் கிலோமீட்டர்ஸ். லெஸ் தேன் எ ஹண்ட்ரட் ருபீஸ். ஏன்னா அங்கே ஒவ்வொரு கிலோமீட்டராக எண்ணல. மொத்தமா ஒரு தூரம் என்று பார்க்கிறோம்.

9. எ நம்பர் ஆஃப், தி நம்பர் ஆஃப்

மறுபடியும் முன்னால் நிற்கும் சின்ன ஆளுக்கே வருகிறேன்.

எ நம்பர் ஆஃப் கேர்ள்ஸ் ஆர் ஆப்சென்ட். பல மாணவிகள் வரவில்லை. ‘எ’ வந்தால் ‘பல’ என்று பொருள், வினை பன்மை.

தி நம்பர் ஆஃப் கேர்ள்ஸ் இஸ் ட்வென்ட்டி. மாணவிகளின் எண்ணிக்கை இருபது. ‘தி’ வந்தால் ‘எண்ணிக்கை’ என்று பொருள். எண்ணிக்கை ஒண்ணுதானே? அதனால் வினை ஒருமை.

நாமும் ‘பல மாணவிகள் வரவில்லை’ என்போம், ‘மாணவிகளின் எண்ணிக்கை இருபது ஆகும்’ என்போம். ‘எண்ணிக்கை இருபது ஆகும்’ என்பதை யாராவது ‘ஆவார்கள்’ என்று எழுதுவோமா? அதேதான்.

10. நிலாவில் கேட்காத ‘எ’

கடைசியா ஒரு பொது அறிவுச் செய்தி. 1969 ஜூலையில் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வச்சார். அப்போ அவர் சொன்ன வாக்கியம் எல்லோருக்கும் தெரியும். ஒரு மனிதனுக்கு இது சின்ன அடி, மனித குலத்துக்குப் பெரிய பாய்ச்சல் என்று சொல்ல நினைத்தார். அதுக்கு ஃபார் எ மேன் என்று வரணும். ஆனால் ரேடியோவில் உலகம் கேட்டது ஃபார் மேன் மட்டும்தான். ‘எ’ கேட்கவில்லை.

‘எ மேன்’ என்றால் ஒரு மனிதன். ‘எ’ இல்லாமல் ‘மேன்’ என்றால் மனித இனம் முழுக்க. அப்போ வாக்கியம் ‘மனித இனத்துக்குச் சின்ன அடி, மனித இனத்துக்குப் பெரிய பாய்ச்சல்’ என்று ஆகிடுது! ‘எ’வோடு சொல்லத்தான் நினைத்தேன் என்று பிற்பாடு ஆம்ஸ்ட்ராங்கே சொன்னார். அவர் சொல்லி நமக்குக் கேட்கலையா, சொல்லவே இல்லையா என்று ஒலிப்பதிவைப் போட்டுப் பார்த்து ஆராய்ச்சி பண்ணவங்களும் உண்டு. ஒரே ஒரு எழுத்துக்காக!

நினைவுக் கட்டம் (சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதியது)

எத்தனை – மெனி, எ ஃபியூ, ஃபியூ, ஃபியூவர்
எவ்வளவு – மச், எ லிட்டில், லிட்டில், லெஸ்
ரெண்டுக்கும் – எ லாட் ஆஃப், சம், எனி
ஆளுக்கு – ஈச்
ஒருத்தர் விடாம – எவ்ரி
ஏ வந்தா குறையும், எ போனா குறையும்!

பயிற்சி

விடையைக் கீழே தலைகீழா எழுதியிருக்கிறேன். முதலில் நீங்களே போட்டுப் பாருங்க.

1. “பால் கொஞ்சம் இருக்கு, டீ போட்டுடலாம்.” எ லிட்டிலா, லிட்டிலா?
2. “பரீட்சைக்குச் சில நாளே இருக்கு!” ஃபியூ டேஸா, எ ஃபியூ டேஸா?
3. ஹவ் ____ இன்ஃபர்மேஷன் டூ யூ நீட்? (மெனி, மச்)
4. சைக்கிளின் ____ வீலுக்கும் காத்து அடிக்கணும். (ஈச், எவ்ரி)
5. நேத்தைவிட இன்னிக்கு பஸ்ஸில் ____ பேசஞ்சர்ஸ். (ஃபியூவர், லெஸ்)
6. தி நம்பர் ஆஃப் ட்ரீஸ் இன் அவர் ஸ்கூல் ____ டென். (இஸ், ஆர்)
7. குவைட் எ ஃபியூ பேரன்ட்ஸ் கேம். பெற்றோர் அதிகமா வந்தாங்களா, குறைவா வந்தாங்களா?
8. வந்த விருந்தாளியிடம்: வுட் யூ லைக் ____ வாட்டர்? (சம், எனி)

விடைகள்: 1. எ லிட்டில். 2. ஃபியூ டேஸ். ‘நாளே’யில் ‘ஏ’ இருக்கு பாருங்க. 3. மச். 4. ஈச், சக்கரம் ரெண்டுதான். 5. ஃபியூவர். 6. இஸ். 7. அதிகமா வந்தாங்க. 8. சம்.

எட்டும் சரியா வந்தவங்களுக்கு என் பாராட்டு. எட்டும் வராதவங்க அந்தந்தப் பகுதியை மட்டும் இன்னொரு தடவை படிங்க. அப்பவும் புரியலைன்னா சாப்பாட்டு மணிக்குப் பிறகு வேப்பமரத்தடிக்கு வாங்க. நானும் என் தோழிகளும் அங்கேதான் இருப்போம்.

தோழிகளே, முக்கியமா உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். “நமக்கு இங்கிலீஷ் வராதுடி” என்று அடிக்கடி சொல்றோம். எத்தனைக்கும் எவ்வளவுக்கும் வித்தியாசம் தெரிஞ்சவளுக்கு மெனியும் மச்சும் வரும். சிலருக்கும் சிலரேவுக்கும் வித்தியாசம் தெரிஞ்சவளுக்கு எ ஃபியூவும் ஃபியூவும் வரும். வீட்டில் எதையும் எண்ணி, எதையும் அளந்து, இருக்கிறதை வச்சுச் சமாளிக்கிற நமக்கு அளவுச் சொற்கள் வராமல் வேற யாருக்கு வரும்?

இந்தத் தாளின் அடியில் நாலு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். ‘எ’ போட்டு ஒரு வாக்கியம், ‘எ’ இல்லாமல் ஒரு வாக்கியம் ஆளுக்கு ஒண்ணா பென்சிலில் எழுதுங்க. வெள்ளிக்கிழமை இங்கிலீஷ் டீச்சர் பார்த்துத் திருத்துவாங்க. அடுத்த மாதச் சுவரிதழில் நல்ல வாக்கியங்களைப் பெயரோடு போடுவோம்.



இப்படிக்கு,
உங்கள் தோழி,
ஒன்பதாம் வகுப்பு மாணவி